யாருக்கும் வேண்டாத கல்யாணம்

காலையில் எதிர்வீட்டுக்காரர் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போதெல்லாம் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். பதிலுக்கு நாமும் ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். இது நிஜமான அட்டை, மூலையில் மஞ்சள் தடவியது. உறையைப் பிரித்ததும் அச்சு மை வாசனை குப்பென்று அடித்தது. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய்.

திண்டிவனத்திலிருந்து என் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கிய அன்று நீ எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தாய். ஒன்றை உருவி முகத்துக்கு நேரே விசிறிக்கொண்டு, “நல்ல கனம்டி. காத்து நல்லா வருது” என்றாய். நான் சிரிக்கவில்லை. நீ விசிறுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாய். அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதுதான் என் சிக்கல். எனக்கு வேறு யார்மேலும் ஆசை இல்லை. பெரிதாகப் படிக்க வேண்டும் என்ற கனவும் இல்லை. மாப்பிள்ளை பாண்டிச்சேரியில் ஒரு பாங்க்கில் குமாஸ்தா. கிளியனூரில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். குறை சொல்ல வழியே இல்லாத இடம். ஆனாலும் அந்தக் கல்யாணத்தை நினைத்தால் உப்பளச் சேற்றில் கால் உள்ளே இறங்குவதுபோல் இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. முகம் வெளுத்தது. பார்த்தவர்கள் எல்லாம் “கல்யாணக் களை வந்துடுச்சு” என்றார்கள்.

உன்னைத் தெரியாதவர்கள் இந்த மடலைப் படித்தால் நீ யாரென்று சொல்லத்தானே வேண்டும்? நீ குப்பத்துப் பெண். உன் அப்பா கட்டுமரத்தில் போகிறவர். நான் உப்பளக்காரர் மகள். மரக்காணத்தில் மளிகைக்கடை மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மிஷின். நீ ரகசியம் சொன்னாலும் கீழே கடையில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். “அலைச் சத்தத்துல பேசிப் பேசிப் பழகிட்டோம்டி, எங்க வீட்ல கொரலுக்குத் திருகாணியே கெடயாது” என்பாய். அவ்வளவு நெருக்கமாக இருந்தும் நீ எங்கள் வீட்டுக் கூடத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் முக்கியமான விஷயங்கள் எல்லாமே இப்படிச் சொல்லாமல்தான் நடந்துகொண்டிருந்தன.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும். பந்தக்காலுக்குச் சொல்லியாகிவிட்டது. அன்று மிஷினில் காகிதத்தைச் செருகிக்கொண்டிருந்த நீ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என் தோளை இடித்தாய்.

“உன் மாப்பிள்ள கீழ நிக்கிறாரு. படி வரைக்கும் வர்றாரு, திரும்பிப் போறாரு.”

நான் எட்டிப் பார்க்க எழுந்தேன்.

“ஆசையில வந்துட்டாருன்னு நெனைக்காத. அது பல்வலிக்காரன் மூஞ்சிடி” என்று சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாய். கொஞ்ச நேரத்தில் தெருவிலிருந்தே உன் குரல் வந்தது. “கெளம்பி வாடி. உங்கிட்ட பேசணுமாம்.”

எங்கே போய்ப் பேசுவது? நீதான் உப்பளத்துக்கு நடத்திக் கூட்டிப்போனாய். நான் பயந்தேன். அங்கே மறைவதற்கு ஒரு மரம்கூட இல்லையே. “அதனாலதான்” என்றாய். “எல்லாரும் பார்ப்பாங்க. யாருக்கும் ஒண்ணும் காதுல விழாது. நானும் கூட நிக்கிறேன், ஒருத்தரும் தப்பாப் பேச மாட்டாங்க.” தூரத்தில் பெண்கள் தலையில் கூடையோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. நாம் மூவரும் வரப்பில் நின்றோம்.

அவர் பேச ஆரம்பித்தார். “உங்களைக் கொற சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லைங்க. உங்க அப்பா அம்மா தங்கமானவங்க. எங்க வீட்லயும் ரொம்ப சந்தோஷமாத்தான் இருக்காங்க. நான் சொல்ல வந்தது இன்னான்னா, வாழ்க்கைங்கிறது...”

“ஏம்பா” என்றாய் நீ. மாப்பிள்ளையை இப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். “வெயில் மண்டையப் பொளக்குது. உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா, வேணாமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “வேணாங்க.”

நீ என் பக்கம் திரும்பினாய். “உனக்கு?”

அதுவரை என்னை யாரும் அதைக் கேட்டதில்லை என்பதே அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தேன். “எனக்கும் வேணாம்.”

சொன்ன பிறகு மூச்சு தானாக உள்ளே போனது. அவர் என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று முழு நேரமும் எங்கள் வீட்டுக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர், முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார், வெள்ளை பேண்ட்டோடு. முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் நான். எனக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரும்பை என்ற ஊரில் அவர் ஆசைப்பட்ட அத்தை மகள் இருந்தாள். அவர் அப்பாவுக்கும் அந்த அத்தைக்கும் ஏதோ பேச்சில் பேச்சு வளர்ந்து போக்குவரத்து நின்றுபோயிருந்தது. அந்தக் கோபத்தில் அவசரமாகப் பார்த்த சம்பந்தம்தான் நான்.

“நீங்களே எங்க வீட்ல வந்து சொல்லிடுறீங்களா?” என்று அவர் உன்னிடம் கேட்டார்.

“நான் சொன்னா கலைச்சவன்னு பேரு எனக்கு, தப்பிச்சது நீங்க ரெண்டு பேருமா? அவங்கவங்க வீட்ல அவங்கவங்க சொல்லுங்க” என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாய். “பயப்படாத. நீ சொல்றப்போ நான் உங்க வீட்ல இருக்கேன்.”

சொன்னபடியே வந்தாய். கூடத்தில் நின்றவள், அம்மா மீன் நறுக்கத் திணறுவதைப் பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய் அரிவாள்மனையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அம்மா ஒரு கணம் விழித்தாள். பிறகு நகர்ந்து உனக்கு இடம் கொடுத்தாள். அவ்வளவுதான், அத்தனை நாள் நின்றிருந்த சுவர் இடிந்த சத்தமே கேட்கவில்லை.

அப்பா உப்பளத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். நான் எதிரில் போய் நின்றேன்.

“அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா.”

“பையன் ஏதாச்சும் சொன்னானா?”

“அவருக்கும் வேணாமாம்.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டை எடுத்தபோது நான் எதிர்பார்த்த முகம் அங்கே இல்லை.

“இங்க வா” என்று அம்மாவைக் கூப்பிட்டார். “உனக்குத்தானே இந்த எடம் புடிச்சிருந்தது?”

“எனக்கா? நீங்க தலையாட்டுனீங்க, நானும் ஆட்டுனேன். அந்தப் பையன் காலண்டரையே பார்த்துட்டிருந்தப்பவே எனக்குச் சரியாப் படல.”

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க ஏன் சொல்லல?”

“பையனோட அப்பா அவ்ளோ ஆசையாப் பேசுறாரு, மூஞ்சில அடிச்சாப்ல எப்படிச் சொல்றது?”

சமையலறையிலிருந்து உன் சிரிப்புச் சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாய், கன்னத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அம்மா உன்னைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அப்பா, சாவு வீட்டுக்குப் போகிறவர்போல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளியனூருக்கு பஸ் ஏறினார். சாயந்திரம் திரும்பியபோது கையில் ஒரு பை பச்சை வேர்க்கடலை. “சாப்பிடாம விடமாட்டேன்னுட்டாரு” என்றார். மகன் முந்தின நாளே வீட்டில் சொல்லிவிட்டிருந்தானாம். எங்களிடம் எப்படி வந்து சொல்வது என்று அவர்கள் ராத்திரியெல்லாம் தவித்துப்போயிருந்தார்களாம். நாங்கள் ஆசையாக இருக்கிறோம் என்று அவர்களும், அவர்கள் ஆசையாக இருக்கிறார்கள் என்று நாங்களும் மரியாதைமேல் மரியாதையாகச் செய்து, இரண்டு பிள்ளைகளை மணவறை வரை தள்ளிக்கொண்டு போயிருந்தோம். “இத்தனை நாள்ல அவரு எங்கிட்ட மனசு விட்டுப் பேசுனது இன்னிக்குத்தான்” என்றார் அப்பா. சம்பந்தி ஆகாமல் போன பிறகுதான் அவர்கள் சிநேகிதர்கள் ஆனார்கள்.

அதன்பின் ஊர் வந்தது, துக்கம் விசாரிக்க. முற்றத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். நாங்கள் அழாததில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “பாவம், இந்தப் பொண்ணு” என்று ஒரு அம்மாள் என் தலையைத் தடவ, “பாவமெல்லாம் இல்லக்கா, நேத்துல இருந்து நல்லாத் தூங்குறா” என்றாய் நீ. பிறகு என் காதில், அதாவது தெருவுக்கே கேட்கும்படி, “சிரிக்காதடி, வந்தவங்க மனசு நோகும்” என்றாய்.

ஊருக்கு யாராவது ஒருவர்மேல் பழியைப் போட்டாக வேண்டும். உன்மேல் போடுவது சுலபமாக இருந்தது. குப்பத்துப் பெண் சகவாசத்தால் கெட்டது என்றார்கள். தெருக்குழாயில் அப்படி ஒருத்தி சொன்னபோது குடத்தை இறக்கி வைத்தவள் என் அம்மா. “எம்பொண்ணு எங்க மூஞ்சப் பார்த்து அவ வாயால சொன்னா. அந்தப் பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு. இன்னொரு தடவை அந்தப் பேச்சு வரக்கூடாது” என்றாள். அம்மாவுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்று தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் இரும்பை அத்தை மகளையே கட்டிக்கொண்டார். அந்தச் சாக்கில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அரசாங்க டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. பிறகு ஒருவரைப் பார்த்தேன்; வேண்டும் என்று நானே சொன்னேன். நீ கீழ்புத்துப்பட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டாய், பாண்டிச்சேரி வக்கீல் ஒருவரிடம் டைப் அடித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தாய்.

போன தை மாதம் உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலைச் சுற்றி ஆட்கள். எல்லாரும் “சீக்கிரம் எழுந்து நடப்பீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும் என் கையைப் பிடித்தாய். முதல்முறையாக உன் குரல் எனக்கு மட்டும் கேட்டது. “அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீயாவது வேற ஏதாச்சும் பேசுடி.” பேசினோம். வஞ்சிர மீன் விலை, மருமகள்களின் சமையல், நம் டைப்ரைட்டிங் சாரின் ஒட்டுமுடி. உனக்கு இருமல் வரும் அளவுக்குச் சிரித்தாய். நான் பொய்யாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் உன்னிடம் விடைபெற்றேன். அடுத்த வாரம் செய்தி வந்தபோது அழுதேன்தான். ஆனால் சொல்லாமல் விட்டோமே என்று எதுவும் நெஞ்சில் உறுத்தவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து பெங்களூரில் இருக்கும் பையன், “தனியா இருக்காத, வந்துடும்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நானும் “பார்க்கலாம்ப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மருமகள் தன் வேலை அறையைக் காலி செய்துவிட்டாளாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். இப்போது தலையாட்டுவதற்குத் தலைகூட வேண்டியதில்லை, விரல் போதும். நான் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, பழைய மாதிரியே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் அவனைக் கூப்பிட்டேன். “டேய், நான் அங்க வர்றதுல எனக்கு இஷ்டம் இல்லடா. இங்கதான் எனக்கு நல்லா இருக்குது. உங்களுக்கு எப்படி? உண்மையச் சொல்லு.”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம். அப்புறம் பெரிதாக ஒரு மூச்சு. “அம்மா, அவளுக்கு வீட்லயிருந்துதான் வேல. அறை இல்லாம எப்படின்னு ரெண்டு பேரும் முழிச்சிட்டிருந்தோம். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு...” பாதியில் நிறுத்தினான். “கோவமா?”

“கோவம் இல்லடா. லீவுல வாங்க, இருந்துட்டுப் போங்க” என்றேன். அதன்பின் அவனும் மருமகளும் போனை மாற்றி மாற்றி வாங்கி வெகுநேரம் பேசினார்கள். “நல்லா இருக்கியா”, “சாப்பிட்டியா” என்பதைத் தாண்டி நாங்கள் பேசி எத்தனையோ காலம் ஆகிவிட்டிருந்தது.

போனை வைத்துவிட்டுப் பால்கனிக்கு வந்தபோது கீழ்வீட்டு அம்மாள் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: “யாருங்க அவ்ளோ சத்தமாப் பேசுனது?”

“நான்தாங்க” என்றேன்.