பதினான்காம் கேள்வி

ஜனவரி 6

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். உன் நலம் தெரிந்து நாளாகிறது. போனில் "சாப்டீங்களா", "சாப்டேன்" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. பிறகு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நிலம் அளக்கிறவனுக்குக் கோடுதான் நேராக வரும்.

நான் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்த இந்த ஊரில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். மாடி, இரண்டு அறை, நல்ல வெளிச்சம். இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். அறிவியலுக்கு ஆள் இல்லாமல் கணக்கு வாத்தியார்தான் இதயத்தின் நான்கு அறைகளையும் நடத்துகிறாராம். உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் உன் தம்பி பேசினான். உயிர்மருத்துவ அறிவியலில் முனைவர் பட்டம் படிக்க நீ விண்ணப்பம் வாங்கியிருக்கிறாயாம். நாற்பத்து நான்கு வயதில் இன்னும் ஐந்து வருஷம். படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்னிடம் சொல்லத் தோன்றவில்லையே என்றுதான் வருத்தம்.

மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். நம் வாண்டு போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது "பரீட்சை முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று சொன்னவன் நான். பதினோரு நாள் போய்விட்டது. ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். அந்தப் பதினோரு நாளுக்காகத்தான் நீ என்னோடு வர மறுக்கிறாய் என்றால் சொல்லிவிடு, தாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் வா.

உன் சர்வேயர்

ஜனவரி 17

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தேன். சிரித்து எத்தனை நாளாகிறது என்று பிறகுதான் தோன்றியது. மழைக்கு ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுகி, எலும்புக்கூட்டுக்கு நான் குடை பிடிக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம்.

விண்ணப்பம் வாங்கியது உண்மைதான். அதில் பதினாறு கேள்விகள். பதினைந்துக்கு ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். பதினான்காம் கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். "இந்த ஆராய்ச்சியை ஏன் செய்ய விரும்புகிறீர்கள்?" ஏழு தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது. "அறிவியலின் மீது சிறு வயது முதலே எனக்கிருந்த ஆர்வம்" என்று ஆரம்பிக்கும்போதே ஆண்டு மலரில் வருகிற தலைமை ஆசிரியர் உரை மாதிரி இருக்கிறது. எல்லாம் பொய்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதீர்கள்.

உங்கள் டீச்சர்

ஜனவரி 29

அன்புள்ள டீச்சருக்கு,

எலும்புக்கூட்டைப் பற்றி எழுதினாய். கூரையைப் பற்றி எழுதினாய். நான் கேட்டதற்குப் பதில் எங்கே? பரீட்சைத் தாளில் இப்படி ஒருத்தி எழுதியிருந்தால் நீ சிவப்பு மையில் சுழித்துவிட்டிருப்பாய்.

பக்கத்து மேஜைக்காரர் நேற்று மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டார். அதிகாரி யோசித்தார். நான் எழுந்துபோய், "அவரை அனுப்புங்க சார், இன்னிக்கே அனுப்புங்க" என்று கத்திவிட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. இதுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு நாளும் அந்தப் பதினோரு நாளை முதலிலிருந்து எண்ணுகிறேன்.

என்னைத் திட்டியாவது எழுது. நீ எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

உன் சர்வேயர்

பிப்ரவரி 11

அன்புள்ள உங்களுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

காய்ச்சலுக்கு இரண்டு மாதம் முன்பு, ஒன்பதாம் வகுப்புக்கு ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றும் செய்முறை வைத்தேன். யார் விரலைக் குத்துவது என்று எல்லோரும் பின்வாங்க, வாண்டுதான் முதலில் கையை நீட்டினாள். வகுப்பில் அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும், தெரியும்தானே. சொந்த மகளுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு அப்படி ஒரு வீம்பு.

அவள் தகட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் தகடு முழுக்க ஊதா நிறத்தில் அப்பிக் கிடந்தன. "சாயத்தை ரொம்ப நேரம் விட்டுட்ட. தள்ளி வை" என்றேன். "இல்ல டீச்சர், கடிகாரம் பாத்துதான் கழுவுனேன். இன்னொரு தடவ பாருங்களேன்" என்றாள். "வாயாடாம போய் உக்காரு" என்று பத்துக்கு ஆறு போட்டேன். வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்திருப்பேன். என் பிள்ளை என்பதால் பார்க்கவில்லை.

அவள் போன பிறகு பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், செய்முறைத் தகடுகளை வைக்கிற பெட்டியைத் திறந்து அந்தத் தகட்டை எடுத்துப் பார்த்தேன். சாயத்தில் ஒரு தப்பும் இல்லை. என் குழந்தை சரியாகத்தான் செய்திருந்தாள். உங்கள் பதினோரு நாளுக்கு முன்னால் என்னுடைய அறுபத்திரண்டு நாள் இருக்கிறது.

போன வாரம் நேர்முகத்துக்கு அந்தத் தகட்டையே எடுத்துக்கொண்டு போனேன். பேராசிரியை அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டார். "என் மக" என்று மட்டும் சொன்னேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில், என்னைப் போல் அரைகுறையாகத் தெரிந்தவள் பார்த்தாலும், இது சரியில்லை, இந்தப் பிள்ளையை இன்றைக்கே அழைத்துப் போ என்று காட்டிக்கொடுக்கிற ஒரு முறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் என் ஆராய்ச்சி. பதினான்காம் கேள்விக்குக் கடைசியில் இரண்டே வரி எழுதித்தான் விண்ணப்பத்தை அனுப்பியிருந்தேன். "என் மகளின் நோயை என் கண்ணாலேயே பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. இன்னொரு ஆசிரியைக்குத் தெரிய வேண்டும்." இடம் கிடைத்துவிட்டது.

உங்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். நீங்களும் என்னை விட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். ஆராய்ச்சிக்கூடம் இருக்கிற ஊருக்கு என்னோடு வருவீர்களா?

உங்கள் டீச்சர்

மார்ச் 2

டீச்சருக்கு,

நான்கு தடவை படித்தேன். தகட்டைப் பற்றி உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ டாக்டர் இல்லை. தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எவனாவது சொன்னால் அவன் வாயை நானே அடைப்பேன். அதை நினைத்து உன்னை நீ வருத்திக்கொள்ளாதே.

ஆனால் அவள் போன மறுமாதம், உன் அம்மா வீட்டில், எல்லோர் முன்னாலும் "என் புள்ளைய நான்தான் கொன்னுட்டேன்" என்று தரையில் விழுந்து அழுதேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாய். அதற்குள் தகட்டைப் பார்த்துவிட்டிருந்தாய். உன் அண்ணன் அன்றைக்கு எழுந்து வெளியே போனவர், இன்றுவரை என்னோடு பேசவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். மூன்று வருஷம் நான் எண்ணியதை நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். "நீங்க மட்டும் இல்லீங்க" என்று ஒரு வார்த்தை போதும் எனக்கு. பாதியை நீ வாங்கிக்கொண்டிருந்தால் மீதியை நான் சுமந்திருப்பேன்.

போய்ப் படி. உன்னால் முடியும். வேறு யாருக்காவது அவர்கள் பிள்ளை மிஞ்சட்டும். உன் ஆராய்ச்சி முடிந்தது என்று யாராவது வந்து சொன்னால் சந்தோஷப்படுவேன், சத்தியமாக. நான் வரவில்லை. உன் கை முதுகில் பட்டால் இனிமேல் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் படித்துவிடுவேன், படித்தால் கிளம்பி வந்துவிடுவேன். வந்தால் இதைச் சொல்லிக்காட்டியே உன்னைப் படிக்கவிடாமல் செய்துவிடுவேன்.

வாண்டுவின் அப்பா