யாம் என்றவர்க்கு ஆள்வழி, அடியேன் என்றவர்க்குக் குடிவழி

நலம் பெருகுக. எண்திசையும் செவிசாய்க்க. வெண்கோட்டு நாடு தோன்றிய நாள்முதல் இதனினும் பெரிய செய்தி ஓலையேறியதில்லை என அறிக: நம் வேந்தர் வரிசையில் நிற்கிறார்.

பகைவர் முடிமேல் பாதம் வைத்தவரும், வெண்கொற்றக்குடை நிழலில் வெயிலறியாதவருமான பரிதிக்கோமானின் பேரமைச்சன் நக்கன் குணவன், கொற்றுறைப் பட்டினத்தில் வலைத்தளங்களுக்கு வழியமைக்கும் எயினன் கூத்தனுக்கு விடுக்கும் ஓலை. உம் துறைக்கும், உம் சுற்றத்துக்கும், உம் விசைப்பலகைக்கும் எல்லா நலமும் உண்டாகுக. எமக்கு நலமில்லை.

நீர் செய்தளித்த அரசவாயில் என்னும் செயலியில், ஆணையிடுவோர் நுழைய அட்மின் என்னும் ஆள்வழியும், மனுக் கொடுப்போர் நுழைய யூசர் என்னும் குடிவழியும் தனித்தனியே வேண்டும் என்று கேட்டோம். வழிகளைப் பிரித்தீர்; அழகாகவே பிரித்தீர். காவலை மட்டும் ஒரு சொல்லிடம் விட்டீர். நுழைபவர் தம்மை எச்சொல்லால் குறிப்பார் என்று திரை கேட்கும். யாம் என்று எழுதினால் ஆள்வழி, அடியேன் என்று எழுதினால் குடிவழி. இந்நாட்டில் எந்தக் குடிமகன் தன்னை யாம் என்பான் என்று நீர் நம்பினீர் போலும்.

புதிய கருவி எதைத் தொட்டாலும் குலதெய்வத்தை நினைந்து அடியேன் என்பது நம் வேந்தர் மரபின் வழக்கம். அவ்வாறே எழுதினார். அதைக் கண்ட அவையோர் சும்மா இருப்பார்களா? பணிவில் ஒருவரையொருவர் விஞ்சி, படைத்தலைவர் முதல் வெற்றிலை மடிப்பவர் வரை அடியேன் என்றே எழுதினர். ஓலையில் யாம் யாம் என்று முழங்கும் யாமும் அங்கே அடியேன் என்று எழுதித் தொலைத்தோம். எழுதியதைத் திருத்த வழியுமில்லை. ஆகவே அரண்மனை முழுவதும் குடிவழியில் கிடக்கிறது.

ஆள்வழியில் இருப்பது ஒரே ஒருத்தி. கருவாடு விற்கும் சாத்தி. எந்தத் துணிவில் யாம் என்று எழுதினாய் என்று ஆளனுப்பி வினவினோம். தானும் தன் நாத்தனாரும் ஒரே கைபேசியில் நுழைந்ததாகவும், இரண்டு பேரை யாம் என்னாமல் வேறென்ன சொல்வது, அமைச்சர் பள்ளிக்கூடம் போனதில்லையா என்றும் அவள் கேட்டதாக ஆள் வந்து சொன்னான். சொல்லும்போது சிரிப்பை அடக்கினான், அதையும் கண்டோம்.

இது நகையாடும் வேளையன்று. வெள்ளாம்பல் ஏரியின் கீழ்ப்புலத்தில் பால்பிடித்த கதிர்கள் வாடுகின்றன. ஆள்வழியில் ஒப்புதல் வந்தாலன்றி மடையைத் திறவோம் என்று மடைக்காவலர் நிற்கின்றனர். அப்படி நிற்கச் சொல்லிப் பறையறைவித்தவரும் நம் வேந்தரே. மடை திறக்க அவர் இட்ட ஆணையைச் செயலி மனுவாக ஏற்று, பெறப்பட்டது, பொறுத்திருக்கவும் என்று மறுமொழி தந்தது. தம் நாட்டில் தாமே பொறுத்திருப்பதாயின் அமைச்சர் எதற்கு என்றும், இன்று பொழுது சாய்வதற்குள் நீர் பாயாவிடில் அப்பதவியை நீக்கிவிடலாம் என்றும் அருளிச்செய்தார்.

முன்பே உமக்குத் தூதுவிட்டோம். உம் கணினியில் எல்லாம் ஒழுங்காகவே ஓடுகிறது என்று மறுமொழி சொல்லி அனுப்பினீராம். மகிழ்ச்சி. எம் கதிர்களை உம் கணினியில் நட்டிருக்கலாம்.

இதை எழுதும்போதே கட்டியக்காரர் வந்து, வேந்தரின் பட்டங்கள் அத்தனையும் முழங்கி, ஒப்புதல் ஆயிற்றா என்று கேட்டுப் போனார். இதோ மறுபடியும் வருகிறார். இம்முறை பட்டங்களைச் சொல்லவில்லை.

ஆகவே ஆணை. வருபவர் தம்மை யாரென்று சொல்கிறார் எனக் கேட்டு வழிவிடாதீர். அவர் யாரென்று அரண்மனைப் பதிவில் பார்த்து வழிவிடுக. முதல் வாயிலில் மட்டுமன்றி ஆள்வழியின் ஒவ்வொரு கதவிலும் அதே கேள்வியைக் கேட்பீராக. வேந்தரை ஆள்வழியில் ஏற்றுக. சாத்தியைக் குடிவழிக்கு இறக்குக, நாத்தனாரோடு. ஓலை கைசேர்ந்த கணமே இவற்றைச் செய்யாதொழியின், இந்நாட்டின் சினம் உம்மைத் தேடி வரும். வழி கேட்டுக்கொண்டாவது வரும்.

கதிரும் மதியும் உள்ளளவும் இவ்வாணை நிற்க, வேங்கை முத்திரை இட்டோம்.

முத்திரை காய்வதற்குள் வந்த செய்தி: வேந்தரின் மனுவைச் சாத்தி காலையிலேயே ஏற்று மடையைத் திறந்துவிட்டாளாம்.