ஏரிக்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு

அண்ணாத்தே,

இன்று காலை எதிர்வீட்டு வாசலில் வண்டிச் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் கலந்த அந்த வாடை தெருவைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்தது. யுத்தம் தொடங்கியதிலிருந்து பெட்ரோல் கிடைப்பதில்லை. ஆவடி ரோட்டில் பட்டாள லாரிகள்தான் ஓடுகின்றன. அதனால் இந்தப் புரட்டாசிக்குத் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் மறுபடியும் மாட்டுவண்டியைத் தேடுகிறார்கள். பூந்தமல்லி வரைக்கும் வண்டி ஏற்பாடு செய்து தர முடியுமா என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஏழு வருஷம் ஆகிறது.

என் மகள் விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்த வருஷம் அது. பூந்தமல்லிப் பெருமாள் கோயிலில் தொடங்கித் திருப்பதி வரைக்கும் நடக்கிறேன் என்று என் மனைவி அஞ்சலை வேண்டிக்கொண்டிருந்தாள். நம் ஊர் கோவில்பதாகையில் பேச்சு பரவி, கடைசியில் இருபத்திரண்டு பேர் சேர்ந்துவிட்டோம். பூந்தமல்லி பஜனைக் கோஷ்டியோடு போவதாகத் திட்டம். சனிக்கிழமை காலைப் பூஜை முடிந்ததும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். வழியில் சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தவறவிட்டால் நமக்கு நடையே இல்லை.

அங்கே போய்ச் சேரும் வண்டிகளுக்கு நீங்கள்தான் பொறுப்பு எடுத்துக்கொண்டீர்கள். சூளையிலிருந்து ஆவடி ஸ்டேஷனுக்குச் செங்கல் ஏற்றி ஏற்றி, இந்தப் பக்கத்து மண்ணெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஊரில் இரண்டு வண்டி, பூந்தமல்லிக்குப் பக்கத்தில் கரையான்சாவடி முனுசாமியிடம் ஒரு வண்டி என்று பேசி முடித்தீர்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அச்சுக்கு நேர்மேலே உட்காரக் கூடாது என்றீர்கள். எந்த மாடு எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்து ஆட்களைப் பிரித்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் காகிதத்தில் எழுதினேன். எந்த வண்டியைப் பார்த்தாலும் விரல் முட்டியால் சக்கரத்தை மூன்று தரம் தட்டிக் காது கொடுத்துக் கேட்பீர்கள். அதற்குப் பிறகுதான் வண்டிக்காரனிடம் பேச்சு.

எந்த வழியாகப் போவது என்பதில்தான் நமக்குத் தகராறு வந்தது. பருத்திப்பட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள ஏரிக்கரை மேலே போனால் ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்றேன் நான். ரோட்டோடு போகவேண்டும் என்றீர்கள் நீங்கள்.

"மழ பேஞ்சா கரை உள்ளாற கரையும் தம்பி. மேல புல்லு பச்சப்பசேல்னு இருக்கும். ஒண்ணியும் தெரியாது."

மளிகைக் கடை பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வயசாயிட்டா பயம் ஜாஸ்திதான் அண்ணாத்தே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனீர்கள். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் வைக்கோல் போரில் கை வைத்தபோது உங்களைப் பாம்பு கடித்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நடையை நிறுத்திவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணியே ஆள் விட்டுச் சொன்னார்கள்: "அவரு பேசி வெச்ச வண்டிங்க. நிறுத்தாதீங்க."

பொறுப்பு என் கைக்கு வந்தது. அப்போதும் என் பிடிவாதம் போகவில்லை. ஏரிக்கரை வழிதான் என்று இரண்டு வண்டிக்காரர்களிடமும் சொன்னேன். கரை மேலேயே வந்துவிடு என்று முனுசாமிக்கும் சொல்லியனுப்பினேன். நீங்கள் இறந்த செய்தியை நான் சொல்லச் சொல்லவில்லை, சேதி கொண்டுபோனவனும் சொல்லவில்லை.

நீங்கள் போய்ப் பத்தாம் நாள் விடிந்தது. உங்களுக்குக் காரியம்கூட ஆகவில்லை. மஞ்சள் துணி கட்டிக்கொண்டு எல்லாரும் வண்டியடியில் நின்றோம். முதல் வண்டியில் அஞ்சலையும் மகளும் ஏறியாயிற்று. முனுசாமியின் வண்டி ஏரிப்பக்கமிருந்து வரும் என்று நான் பார்த்திருக்க, அது ரோட்டுப்பக்கமிருந்து வந்தது.

"இன்னாப்பா, கரை மேல வரச் சொன்னேனே" என்றேன்.

"நேத்து சாயங்காலம் உங்க ஊரு பெரியவரே வந்து மாத்திட்டாரே. கரை வாணாம், ரோட்டோட போ, அவங்களையும் ரோட்டோட இட்டுகினு போன்னாரு."

"எந்தப் பெரியவரு?"

"செங்கல் வண்டி ஓட்டுறாரே, அவருதான். என்னாண்ட வண்டி பேசினவரு."

ஒரு பெண் தன் குழந்தையின் முகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவனிடம் உண்மையைச் சொல்லவேண்டாம் என்று மற்றவர்களுக்குக் கண்ணால் காட்டினேன். "உக்காந்து பேசினாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. சக்கரத்தாண்டயே நின்னாரு. மூணு தபா தட்டிப் பாத்தாரு. தண்ணி குடுத்தேன், வாணாம்னாரு. ஒண்ணுதான் புரியல. ரெண்டு நாளா எங்க பக்கம் மழையே இல்ல, அவரு கால்ல முட்டி வரைக்கும் ஈரச் சேறு. படுத்துனு இருந்த மாடுங்க எழுந்து நின்னுச்சுங்க. அவரு போற வரைக்கும் அசை போடல."

அஞ்சலை மகளைப் பிடித்துக்கொண்டு, "ரோட்டோடயே போலாம்" என்றாள்.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். யாரோ முனுசாமிக்குச் சொல்லிக்கொடுத்து உங்கள் பேரில் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். வண்டிகளை ரோட்டில் அனுப்பிவிட்டு, ஒரு கழியை எடுத்துக்கொண்டு தனியாகக் கரைமேல் ஏறினேன். கரை நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பூந்தமல்லியில் போய் எல்லாரிடமும் சொல்லவேண்டும்.

வெயில் வந்துவிட்டது. ஏரி நிரம்பியிருந்தது. அந்நேரத்துக்கு அங்கே கொக்கும் நாரையும் கூட்டமாக நிற்கும். அன்று ஒரு பறவைகூட இல்லை. தண்ணீரில் அலை இல்லை. கரையில் பழைய வண்டித்தடம் கோடு போட்டதுபோல் நேராகப் போனது. இரண்டு பக்கமும் புல், நீங்கள் சொன்னதுபோலவே பச்சைப்பசேல் என்று. பாதி தூரம் வந்ததும் நின்று, "பாத்தியா அண்ணாத்தே, ஒண்ணும் ஆவலையே" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிக்கொண்டே கழியைத் தரையில் ஊன்றினேன்.

கழி நிற்கவில்லை. மாவில் இறங்குவதுபோல் என் கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. உருவியபோது அந்த ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று என் முகத்தில் பட்டது. பின்னால் நகர்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு வண்டி நீளத்துக்குக் கரை அப்படியே, சத்தமே இல்லாமல், உள்ளே போனது. கீழே கறுப்பாகத் தண்ணீர். முட்டி வரைக்கும் சேற்றில் சிக்கிய காலை இழுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. மண்கட்டிகள் விழுந்த சத்தமாக இருக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று. மரத்தில் விரல் முட்டியால் தட்டுவதுபோல. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

வந்த வழியே திரும்பி ரோட்டைப் பிடித்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது கோஷ்டி கோயில் வாசலில் கிளம்பத் தயாராக நின்றது. வண்டிகள் பத்திரமாக வந்திருந்தன. அஞ்சலை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களில் இருந்த சேற்றைத்தான் பார்த்தாள்.

நீங்கள் இறந்துபோனதை வழியில் பெண்கள் முனுசாமியிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அவன் வண்டியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, வேண்டுதல் எதுவும் இல்லாமல், போட்டிருந்த துணியோடு எங்களுடன் நடந்தான். திருப்பதி வரைக்கும் என் பக்கத்தில்தான் வந்தான். உங்களைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. மலை ஏறும்போது மட்டும், "பேசறப்ப என்னைப் பாக்கவே இல்லண்ணே. உங்க ஊருப் பக்கமே பாத்துனு இருந்தாரு" என்றான்.

திரும்பி வந்ததும் பிரசாதம் எடுத்துக்கொண்டு அண்ணியைப் பார்க்கப் போனேன். முனுசாமி சொன்னதையும் கரை இடிந்ததையும் சொன்னேன். பெஞ்சில் நான் பேசியதை மட்டும் சொல்லவில்லை. அண்ணி அழவில்லை. பிரசாதத்தை வாங்கி விளக்கு மாடத்தில் வைத்தார்கள்.

பிறகு, "கரையான்சாவடி வரைக்கும் நடந்துகீறாரு" என்றார்கள். "ஊட்டாண்ட வந்து என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

அண்ணாத்தே, போனவர்களுக்கு எத்தனை தரம் திரும்பி வர அனுமதி உண்டு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சாயங்காலம்தான் என்றால், அதை நீங்கள் உங்கள் வீட்டு வாசலில் கழித்திருக்கவேண்டும். நான் சொன்னால் கேட்காதவன் என்பதால், எங்கோ இருக்கிற ஒரு வண்டிக்காரனைத் தேடிப் போனீர்கள். அண்ணிக்குச் சேரவேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன். ஏழு வருஷமாக அந்த வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் அண்ணி கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார்கள். நானும் நின்று பதில் சொல்லிவிட்டு வருகிறேன். ஒருநாளும் அவர்கள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.