அக்கா வண்டியின் மூன்றாவது ஜாயின்ட்

மார்ச் 3, திங்கள்

காலையில் ஒரு வேனுக்குக் கிளட்ச் மாற்றி முடித்து, கையைக் கூடக் கழுவவில்லை. அத்தான் போன் பண்ணினார். "உங்க அக்கா ஸ்கூல் சுவத்துல வண்டிய முட்டிட்டா. அடி ஒண்ணும் இல்ல. நீ கிளம்பி வா."

போனபோது அக்கா சீட்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். முன் பம்பர் சப்பை, இடது விளக்கு நொறுங்கல். "இழுத்தேன்டா. நிக்கல" என்றாள். நின்ற இடத்திலேயே பிரேக் லீவரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி பிடித்தது. டப்பாவில் பிரேக் ஆயில் ஒரு விரல் குறைவு. ஊற்றி நிரப்பினேன்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. நீ கொஞ்சம் லேட்டா இழுத்திருப்ப" என்று சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். அவள் மறுபேச்சே பேசவில்லை. அக்காவா இது என்றிருந்தது.

மார்ச் 4

வண்டி என் பட்டறைக்கு வந்துவிட்டது. ஆறு வருடம் முன் நடந்த முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவின் கால்கள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. அவளுக்கென்றே ஒருவர் கட்டிக்கொடுத்த வண்டி இது. கால் பெடலுக்குப் பதில் கையால் இழுக்கும் லீவர், அதற்குத் தனி சிலிண்டர், அங்கிருந்து பைப். சிலிண்டர் ஒரு நாட்டுச் சரக்கு, பைப் போய்ச் சேரும் பித்தளைக் கட்டை இன்னொரு நாட்டுச் சரக்கு. கட்டியவர் வெளிநாடு போய்விட்டார், அவர் நம்பரும் செத்துவிட்டது. படமோ குறிப்போ ஒன்றும் இல்லை. மனுஷன் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டே விமானம் ஏறிவிட்டார்.

புதுப் பம்பருக்கு ஆர்டர் சொல்லியாயிற்று.

மார்ச் 7, வெள்ளி

அக்கா வீட்டில் சாப்பிட்டேன். இனி ஓட்டமாட்டாளாம். "கை தளர்ந்துபோச்சு போலடா. சுவரா இருந்ததால போச்சு. அங்க ஒரு பிள்ள நின்னிருந்தா?" அத்தான் ஆள் பார்த்து வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். அத்தான் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் முகத்தில் நிம்மதி அப்பட்டமாகத் தெரிந்தது.

பள்ளிக்கூட வேனில் போய்வருகிறாள். ஏற்றிவிட இரண்டு பேர், இறக்கிவிட இரண்டு பேர். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள், தன்னைத் தூக்க ஆள் வரும்வரை வாசலில் காத்திருக்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

விளக்குக்கு வயர் இழுக்கத் தரைவிரிப்பைத் தூக்கினேன். அடியில் ஈரம். தகரத்தில் பெயின்ட் உப்பி உரிந்திருக்கிறது. பிரேக் ஆயில்.

மூன்றாவது ஜாயின்ட். சிலிண்டரிலிருந்து வரும் பைப், பின் சக்கரங்களுக்குப் பிரிகிற கட்டையில் வந்து சேரும் இடம். கழற்றினேன். நட்டின் மரை, அந்தத் திருகுப் புரி, மழுங்கிக் கிடக்கிறது. மெதுவாக இழுத்தால் தாங்கும், பலமாக இழுத்தால் நட்டு நெகிழ்ந்து ஆயில் கக்கும். அதனால்தான் அன்றைக்கு நிறுத்திவைத்த வண்டியில் நான் மெதுவாக இழுத்துப் பார்த்தபோது கல் மாதிரி இருந்தது.

அந்த நட்டு யார் போட்டது? நான். போன ஜூலையில் பைப் துருப்பிடித்திருந்தது என்று மாற்றினேன். சிலிண்டர் பக்கம் அளந்தேன், இன்ச் மரை. ஒரே பைப்தானே என்று இந்தப் பக்கமும் இன்ச் நட்டே போட்டேன். அளக்கவில்லை. பழைய பைப்பை நட்டோடு சேர்த்துப் பழைய இரும்பில் வீசினேன்.

ஒரு விரல் ஆயில் எங்கே போச்சுன்னு கேட்கத் தோணலியே எனக்கு. ஊத்தி மூடிட்டு, அவ கையைக் குத்தம் சொன்னேன்.

மார்ச் 11

சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

கட்டையையும் நட்டையும் எடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கார அம்மாவுக்கு இருபது வருடமாக இதே வேலை. நட்டைக் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார். பல் பல்லாக இருக்கும், மரை அளக்கிற கேஜை வைத்துப் பார்த்தார். நட்டு இன்ச், கட்டை மில்லிமீட்டர். விட்டத்தில் அரை மில்லி வித்தியாசம்.

"மூணு சுத்து வரைக்கும் ரெண்டும் சொந்தக்காரங்க மாதிரி போகும். அப்புறம் இறுகும். டைட் ஆயிடுச்சுன்னு நீங்க விட்டுருவீங்க. அது டைட் இல்ல, மரையை மரை கடிக்குது."

"தெரியும்மா" என்றேன்.

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

கட்டையின் மரையும் கெட்டுவிட்டது, புதிது வேண்டும் என்றார். பைப் முனையையும் தப்பாக விரித்திருக்கிறேன். சிலிண்டர் பக்கம் புனல் மாதிரி விரிய வேண்டும், கட்டைப் பக்கம் குமிழ் மாதிரி. ஒரே பைப்புக்கு இரண்டு முனையும் இரண்டு விதம். கட்டினவர் சரியாகத்தான் கட்டியிருந்தார். மனதுக்குள் அவரை எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

மார்ச் 13

சத்தமில்லாமல் சரி பண்ணிவிடலாம். பண்ணிவிட்டு, "இப்ப ஓட்டிப் பாருக்கா" என்றால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனா அவ ஓட்டமாட்டாளே. கைதான் தப்புன்னு நெனச்சிட்டிருக்கா. பைப்பை மாத்தலாம், அத எப்படி மாத்தறது?

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன். அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நட்டை மேஜைமேல் வைத்து, ஜூலையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடினாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்குச் சனிக்கிழமை."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நட்டு மாறிப்போச்சு, சரி. யாருக்கும் வரும். இந்த அஞ்சு நாளு? சாக்பீஸ் பிடிக்கும்போதெல்லாம் நடுங்குதான்னு என் கையையே பாத்துக்கிட்டிருந்தேன்டா. கால் போனப்பக்கூட நான் இப்படிப் பயப்படல."

அத்தான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அக்காவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போடா. கொஞ்ச நாளைக்கு வராத" என்றாள்.

பட்டறைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். நாற்பத்தொரு வயது.

மார்ச் 18

புதுக் கட்டை வந்தது. வேலையைத் தொடவில்லை.

மார்ச் 20, வியாழன்

அக்காவே வந்தாள், அத்தான் கூட்டிவந்தார். "அந்த நாலு ஜாயின்ட்டயும் கழட்டி வை. நான் அளக்கணும்."

மடியில் தட்டை வைத்துக்கொண்டு வெர்னியர் அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்தாள், எழுதினாள். நான் ஒரு எண் சொன்னால் திரும்பவும் அளந்து பார்த்தாள். ஒருமுறை நான் தப்பாகவே சொன்னேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பாவம்தான். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் ஒரு தகரச் சீட்டு, அதில் அளவு. அந்த அளவுப்படி புதுப் பைப்பையும் கட்டையையும் முடுக்கி, சீட்டுகளை நான் மாட்டினேன்.

கிளம்பும்போது சொன்னாள்: "நீ முடுக்கினத ஹோஸ் கடை அம்மா வந்து பாக்கணும். இனிமே எப்பவும் அப்படித்தான்."

சுருக்கென்றது. சரி என்றேன். சரிதான்.

மார்ச் 22

அந்த அம்மா வந்தார். நான் முழு பலத்தோடு லீவரை இழுத்துப் பிடித்திருந்தேன். அவர் நான்கு ஜாயின்ட்டிலும் வெள்ளைக் காகிதம் சுற்றிப் பத்து நிமிடம் பார்த்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. வண்டியை அத்தான் ஓட்டிப்போனார்.

மார்ச் 27

அக்காவிடமிருந்து போன் இல்லை. வண்டி வாசலிலேயே நிற்கிறது என்று அத்தான் சொன்னார். விற்பது பற்றி நான் கேட்கவில்லை, அவரும் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது பின்னால் ஒரு ஹார்ன். அக்கா வண்டி. அக்கா மட்டும். பக்கத்து சீட்டில் விடைத்தாள் கட்டு. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நிறுத்தவும் இல்லை.

தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. சிவப்பு விளக்குகள் எரிந்தன. வண்டி நின்றது. சைக்கிள் போகும்வரை நின்றுவிட்டு, பிறகு பள்ளிக்கூடப் பக்கம் திரும்பிப் போனாள்.