கீற்றணியில் ஒரு கைரேகை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து சாரல். காற்று வேறு. கீற்றணி வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலக் கண்ணாடிதான். மேலே கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமான கோடுகள். நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கப்போவது இதுதான். விரல் பட்டால் போச்சு. துடைக்கவும் கூடாது.

வாங்க: கையுறை 2 பெட்டி, ஸ்பிரிட், எலிப்பொறி.

மாரியக்கா இன்று முடி போல் மெல்லிய பதினோரு கண்ணாடி ஒளியிழை ஒட்டினார். நான் இரண்டு. அதிலும் ஒன்று முறிந்தது. அக்காவுடையது எஸ்டேட்டில் ஏலக்காய் பறித்து, பிறகு போடி ஸ்டோரில் காய் தரம் பிரித்த கை. அவரைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பெங்களூர் மேடத்திடம் மூன்று முறையாவது பீற்றியிருப்பேன்.

"இம்புட்டுப் பாடும் எதுக்குத் தம்பி?"

"நம்ம பூமி மாதிரி இன்னொன்னு இருக்கான்னு பாக்கத்தான்க்கா."

"இருந்தா?"

சிரித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கீற்றணி ஓரத்தில் விரல் தடம். படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். தொலைநோக்கியில் பொருத்தப்போகும் கருவி முழுக்க அவர் பொறுப்பு, இருப்பது பெங்களூரில். உடனே போன்.

"உள்ள யார் யார் இருந்தீங்க?"

"நானும் மாரியம்மாளும் மேடம்."

இவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அவர் யாரை நினைப்பார் என்று தெரிந்தே சொன்னேன்.

"பழக்கமில்லாதவங்கள உள்ள விட்டது நம்ம தப்பு. நாளையிலிருந்து வேண்டாம்னு சொல்லிடு."

மா.அக்காவிடம் அதையும் நேராகச் சொல்லவில்லை. "புதுக் கண்ணாடி வர்ற வரைக்கும் சோலி இல்லக்கா" என்றேன். அக்கா வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். "சரி தம்பி."

புதுக் கீற்றணி வர மாதக்கணக்காகும். போடிமெட்டுக்குக் கீழே சரிவில் தொலைநோக்கி மழை வந்தால் தானே கூரையை மூடிக்கொள்கிறது, வெறித்தால் தானே திறக்கிறது. உள்ளே பொருத்தக் கருவிதான் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

பல்வலி. மாத்திரை வாங்கப் போன வழியில் ரேஷன் கடை வரிசையில் மா.அக்கா. சட்டென்று டீக்கடைக்குள் ஒதுங்கினேன். முப்பத்து நான்கு வயது ஆம்பளை, பன் டப்பாவுக்குப் பின்னால்.

வரிசையில் அக்காவுக்குப் பின்னால் நின்ற பெண் கேட்டது காதில் விழுந்தது. "என்னமோ கண்ணாடிய நாசம் பண்ணிட்டியாமே? அதான் நிப்பாட்டிட்டாகளாம்?" அக்கா திரும்பவே இல்லை. விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூட வாட்ச்மேன் வாய்தான்.

ரேஷன் கடைக்காரர் கைரேகை மிஷினைத் தட்டினார். "ஆத்தா, வெரல நல்லாத் தொடச்சிட்டு வையி."

"எத்தன வாட்டிண்ணே வைக்கிறது? பறிச்சுப் பறிச்சு ரேகையே தேஞ்சு போச்சு. எந்த மாசம் விழுந்துச்சு, இந்த மாசம் விழ?"

பத்து விரலும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கினார்.

கீற்றணியில் இருப்பது சுழி சுழியாக, எண்ணிவிடலாம் போன்ற ரேகை. டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன். மாத்திரை வாங்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொந்த ஊர் சிலமலைக்கு வந்தேன். வீட்டில் கோழிக்குழம்பு. இறங்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. என் வலது ஆள்காட்டி விரலில் பள்ளிக்கூடத்தில் பிளேடு கீறிய தழும்பு. அதே சாய்வு.

செவ்வாய்க்கிழமைதான். அம்மா போன், காதுகுத்துக்கு வருவாயா என்று. கையுறையோடு போன் திரை அசையவில்லை, கழற்றினேன். பேசிக்கொண்டே வந்து கீற்றணிச் சட்டத்தை நிமிர்த்தினேன். மறந்துவிட்டேனா, மறக்க வசதியாக இருந்ததா? அக்காவின் இடத்தில் என் சித்தப்பா மகன் இருந்திருந்தால் மேடத்திடம் அப்படிச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். அசிங்கமாக இருக்கிறது.

மேடத்துக்கு மெயில் எழுதி நான்கு முறை அழித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை ஆறரை. எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப்பு நிற்கும் இடம். தூறல். மா.அக்கா உள்ளே, தூக்குவாளி மடியில். மறுபடியும் பறிக்கப் போகிறார்.

"அக்கா, அது என் கை."

"தெரியும் தம்பி. வெறுங்கையோட வந்து நீங்க பிடிச்சத நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எங்கிட்ட ஆரு கேட்டா?"

ஜீப்பில் பன்னிரண்டு பேர்.

"இங்கன வந்து எங்கிட்டச் சொல்லி என்ன? அந்தம்மாவுக்குப் போனப் போடுங்க."

போட்டேன். அக்கா ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். மேடம் எடுத்ததும் என் வாய் தானாக இங்கிலீஷில் ஆரம்பித்தது. இரண்டு வாக்கியம் போயிருக்கும். அக்கா என் முழங்கையைத் தொட்டார்.

"தமிழ்ல சொல்லுங்க தம்பி. ஜீப்புல இருக்கவுகளுந்தான் கேக்கட்டும்."

சொன்னேன். "கீற்றணியத் தொட்டது நான் மேடம். மாரியக்கா தொடல. தெரிஞ்சே அவங்க மேல விழ விட்டுட்டேன்."

ஜீப்பில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேடம், "அவங்க பக்கத்துல இருந்தா போனைக் குடு" என்றார்.

நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. டிரைவர் பக்கம் திரும்பி, "வெரசா எடுண்ணே, நேரமாச்சு" என்றார்.