பாடகர் வராத கச்சேரி

மார்ச் 3

ஊமைச்சாமிக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். உங்களைவிட்டு வந்து பதினான்கு மாதம் கழித்து ஓர் உதவி கேட்கிறேன். சிரிக்கக் கூடாது.

போன மாதம் காய்ச்சலில் படுத்தேன். காய்ச்சல் போகும்போது காதில் ஒரு விசிலை வைத்துவிட்டுப் போயிற்று. இரண்டு காதிலும் 'ஞீ' என்று ஒரே சத்தம், நிற்பதே இல்லை. நான் வேலை பார்ப்பதோ நூலகத்தில். அந்த அமைதியில் விசில் ஊரைக் கூட்டுகிறது. நேற்று ஒரு வாசகரிடம், "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார்" என்று நானே சொன்னேன். அவர் சுவரில் தொங்கும் 'அமைதி காக்கவும்' பலகையைப் பார்த்தார்.

மருந்து கிடையாது என்கிறார் காது டாக்டர். "அமைதியா மட்டும் உக்காராதீங்கம்மா. பக்கத்துல மெதுவா ஏதாவது ஒரே சீரா ஓடிக்கிட்டு இருக்கட்டும்" என்றார். ஒரே சீராக என்றதும் உங்கள் அலமாரிதான் ஞாபகம் வந்தது. ஒரே சுருதியை இழுத்துக்கொண்டே இருக்கும் அந்த ட்ரோன் இசை ஆல்பங்கள், தம்புரா மட்டும் வந்து உட்கார்ந்து கடைசிவரை பாடகர் வராத கச்சேரி மாதிரி நாற்பது நிமிடம் இரையுமே, அதில் இரண்டு அனுப்ப முடியுமா? தொழிற்சாலையில் பகலெல்லாம் மோட்டார் இரைச்சல், வீட்டுக்கு வந்தால் இது என்று என் அண்ணனிடம் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். இப்போது நானே கை நீட்டுகிறேன்.

இப்படிக்கு,
நான்தான்


மார்ச் 9

அன்புள்ள வானொலிக்கு,

சிரிக்கவில்லை. மூன்று ஆல்பங்களும் சிடி பிளேயரும் பார்சலில் வருகின்றன.

முதலில் சாம்பல் அட்டை. ஆர்கன் கட்டையை அழுத்திவிட்டு எடுக்கவே மாட்டார்கள். பதினோராம் நிமிடத்தில் அடியில் இன்னொரு சத்தம் வந்து சேரும். வருவது தெரியாது, போகும்போதுதான் இருந்தது தெரியும். பாலம் படம் போட்ட அட்டை சாயங்காலத்துக்கு. பெயரில்லாத வெள்ளை அட்டையில் மெல்லிய மணியோசை நீளமாக இழுபடும். உன்னுடையது விசில் மாதிரி என்கிறாய், அதற்கு அதுதான் பொருந்தும்.

சத்தத்தைக் கூட்டி விசிலை அமுக்கப் பார்க்காதே. விசில் லேசாகக் கேட்கிற அளவில் வை. நாலைந்து நாள் கோபம் கோபமாக வரும், சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும். ஆறாம் நாள் வாக்கில் ஒரு கால் மணி நேரம் அதை மறந்திருப்பாய். மறந்தோமே என்று நினைத்த உடனே திரும்ப வந்துவிடும். பயப்படாதே. அந்தக் கால் மணி மெல்ல மெல்ல வளரும்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
ஊமைச்சாமி


மார்ச் 20

அன்புள்ள ஊமைச்சாமிக்கு,

உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். நேற்று ஒரு மணி நேரம் என் தலை எனக்கே கிடைத்தது.

முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். சாம்பல் அட்டையைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். கீழ் வீட்டு உரிமையாளரம்மா, தண்ணீர் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட, அந்த மனிதர் அதை நட்டு நட்டாகக் கழற்றிவிட்டார். கழற்றிய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை. எலக்ட்ரீஷியனே மாடி ஏறி வந்து, "என்னக்கா, நீங்க பாட்டுக் கேக்குறீங்களா?" என்று நம்பமுடியாமல் கேட்டார். பாட்டுதான் என்று சொன்னேன். கல்யாணமான ஒன்பது வருடத்தில் உங்களுக்காக நான் சொல்லாத பதில் அது.

ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திடீரென்று கவனித்தால் எல்லாமே மாறியிருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி. ஆறாம் நாள் என்றீர்கள், ஆறாம் நாள்தான். கால் மணி என்றீர்கள், கால் மணிதான். டாக்டருக்கே தெரியாததெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? இது படித்தவர் எழுதியது இல்லை, பட்டவர் எழுதியது. எத்தனை வருடமாக?

நன்றியுடன்,
வானொலி


மார்ச் 26

அன்புள்ள வானொலிக்கு,

ஒன்பது வருடமாக.

என் வேலை உனக்குத் தெரியும். ஓடுகிற மோட்டாரில் கம்பியை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். அந்த இரைச்சலில் எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும். அமைதியில்தான் விசில் மேலே வரும். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? காது கெட்டவன் என்று மறுநாளே வெளியே அனுப்பிவிடுவார்கள். அங்கே போர்மேன் உன் அண்ணன். உன்னிடம் சொன்னது அவர் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? வானொலி என்று சும்மாவா பெயர் வைத்தேன்.

ஆல்பம் ஓடினால் விசில் அடங்கும், உன் பேச்சு நன்றாகக் கேட்கும். நீயோ வந்ததும், "மொதல்ல அதை நிறுத்துங்க, பேசணும்" என்பாய். நிறுத்திவிடுவேன். அப்புறம் பாதிதான் கேட்கும், மீதிக்குத் தலையாட்டுவேன்.

நீ கிளம்பிய அன்றும் கதவருகே நின்று நிறுத்தச் சொன்னாய். நிறுத்தினேன். ஏதோ கேட்டாய். நீ மெதுவாகப் பேசுகிறவளே இல்லை, அன்று மெதுவாகக் கேட்டாய். வழக்கம்போலத் தலையாட்டினேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். என்ன கேட்டாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது.

மறைத்தது என் தப்பு. நீயாகக் கேட்டாயே, அதற்கு நன்றி.

ஊமைச்சாமி


ஏப்ரல் 4

என் அன்புள்ள ஊமைச்சாமிக்கு,

உங்கள் கடிதத்தை நூலகத்தில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்திருந்தார். "இங்கயும் மாப்பிள்ளையோட இரைச்சலா?" என்று சிரித்தார். மூன்று தடவை விஷயம் தொண்டைவரை வந்தது. மூன்று தடவையும் வாயில் பிஸ்கட்டைப் போட்டு அடைத்துக்கொண்டேன். "ஏன் பேசவே மாட்டேங்குற, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன்.

அன்று நான் கேட்டது இதுதான்: "நான் போறதுதான் உங்களுக்கு நிம்மதியா?" நீங்கள் ஆமாம் என்று தலையாட்டினீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் தலையாட்டியவர் மேல் கோபப்படலாம், கேட்கத்தான் அந்த இரைச்சலையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மேல் எப்படிக் கோபப்படுவது? நிறுத்து நிறுத்து என்றது நான்தான்.

இன்னொன்று இன்று காலையில்தான் உறைத்தது. நம் வீட்டில் இருந்தது ஒரே ஒரு சிடி பிளேயர். போனில் போட்டுக் கேட்டால் அந்த அடிச்சத்தம் வராது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அப்படியென்றால் இந்த ஒரு மாதமாக அந்த வீட்டில் நீங்கள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? ஒரு வார்த்தை எழுதவில்லையே. இதற்கெல்லாம் நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன்?

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பிளேயரை மடியில் வைத்துக் கொண்டுவருவேன். வந்ததும் முதல் வேலையாக வெள்ளை அட்டையைப் போடுங்கள். நிறுத்தச் சொல்லமாட்டேன். அது ஓடட்டும். அது ஓடும்போதே, அன்று கதவருகே கேட்டதை இன்னொரு தடவை கேட்கிறேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

உங்கள்,
வானொலி