மரகதாவின் இடது இமை

ஜூலை 8, செவ்வாய்

கரண்ட் பில் கட்டலாம் என்று அவருடைய லேப்டாப்பைத் திறந்தேன். பாப்பா அப்போதுதான் கண் அசந்திருந்தாள். நேற்று விளையாடிய கேமை மூடாமலே படுத்துவிட்டார் போல. திரை முழுக்க ஒரு பெண். இடுப்பு வரை வெள்ளி நிற முடி, பச்சைக் கண், தோளில் வில். பின்னால் மலை, மலைக்கு மேல் இறக்கை வைத்த ஏதோ ஒன்று பறக்கிறது. அவள் சும்மா நிற்கிறாள். மூச்சு விடும்போது தோள் மெல்ல ஏறி இறங்குகிறது. மூலையில் பெயர்: மரகதா. கேமில் தமிழ்ப் பெயர் தானாக வராது, அவர் வைத்ததுதான். எனக்கு இதுவரை ஒரு செல்லப் பெயர் வைத்ததில்லை.

பில் கட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் முத்துக்குமாருக்குப் பட்டுக்கடையில் சேலை பார்க்கிற வேலை. நெசவாளர்கள் கொண்டுவந்து போடுகிற ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்தில் விரித்து, இழை விட்டிருக்கிறதா, சரிகை பிசகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை இழை போயிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். பாப்பா பிறந்ததிலிருந்து என் முன்நெற்றியில் கொத்துக் கொத்தாக முடி போய்க்கொண்டிருக்கிறது. அது தப்பிவிட்டது.

ஜூலை 9

மரகதாவுக்கு முடி கொட்டுவதில்லை.

ஜூலை 11, வெள்ளி

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா தில்லையம்மாள் முருங்கைக்கீரை கொடுக்க வந்தார்கள். லேப்டாப் திறந்திருந்தது. நான்தான் திறந்து வைத்திருந்தேன்.

"யாரும்மா இவ? உன் நாத்தனாரா?"

"கேம்ல வர பொம்மைம்மா. அவரு வெளையாடுறது."

"இடுப்ப பாத்தா புள்ள பெத்தவ மாதிரி இல்லியே."

"பெக்கல. அம்பு வுடுவா."

"அம்பு வுடறவளுக்கு எதுக்கு இவ்ளோ மையி? வேர்வையில வழிஞ்சி கண்ணு எரியாது?"

சிரித்துவிட்டேன். இப்படிச் சிரித்து நாளாயிற்றே என்று நினைத்தேன், உடனே சிரிப்பு போய்விட்டது.

அவர்கள் போன பிறகு மரகதாவைச் சும்மா நடத்திப் பார்த்தேன். ஒரு சத்திரம் வந்தது. உள்ளே சுவரில் பெரிய கண்ணாடி. அதன் முன்னால் நிறுத்தினால் அவளை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமாம். மூக்கு, தாடை, இமை, இடுப்பு – ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. வலப்பக்கம் இழுத்தால் கூடும், இடப்பக்கம் இழுத்தால் குறையும். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுவதற்குக்கூட ஒரு கோடு இருந்தது. அவளுக்கு அதில் சுத்தமாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு துளி வலப்பக்கம் நகர்த்தி மூடினேன். திருடினவள் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து விளையாடினார். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். அவர் கண்டுபிடிக்கவில்லை என்றால், வீட்டுக்கு வரும்போது அவர் கண் ஓய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். கண்டுபிடித்துவிட்டால்? பொம்மையின் கண்ணுக்குக் கீழே விழுந்த கருப்பு தெரிகிறது, என்னுடையது தெரியவில்லை என்றால்?

ஆனாலும் நிறுத்தப்போவதில்லை.

ஜூலை 16, புதன்

நேற்று மரகதாவின் தாடைக்குக் கீழே கொஞ்சம் சதை வைத்தேன். இன்றைக்கு முடியின் அடர்த்தியைக் குறைத்தேன். முகத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்தே மாறும்படி பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டை எடுத்துவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக மாற்றலாம். இடது இமையை மட்டும் சற்று இறக்கினேன். அதுவரை கடை பொம்மை மாதிரி நின்றவள், சட்டென்று எதையோ நினைத்துக்கொண்டவள் மாதிரி ஆகிவிட்டாள். அவளை அசிங்கமாக்கத்தான் உட்கார்ந்தேன். அப்படி ஆகவில்லை. ஒரு பக்கம் தூக்கம் வந்த கண்ணோடு அவள் என்னைப் பார்த்தபோது, இவளைத் தெரியும் போலிருந்தது.

கல்லூரியில் அனிமேஷன் பேப்பரில் நான்தான் முதல் மதிப்பெண். அதை நினைத்தே வெகுகாலம் ஆகிறது.

ஜூலை 18

ஆடி முதல் வெள்ளி. தெருக்கோடி அம்மன் கோயிலில் விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கி. பாப்பா தூங்கவே இல்லை. அழுதாள். நான் கதவுப் பக்கம் நின்றேன். உள்ளே போக வேண்டும் – போகவில்லை. கோபம் இல்லை. வெறுப்பும் இல்லை. ஒன்றுமே இல்லை, அதுதான். அழட்டும் என்று யாரோ எனக்குள் சொன்ன மாதிரி. மாடியிலிருந்து தில்லையம்மாள் இறங்கி வந்து தூக்கினார்கள். "சமையல்கட்டுல இருந்தேம்மா, கேக்கல" என்றேன். பொய்.

நான் நல்ல அம்மா இல்லையா? எல்லாருக்கும் தானாக வருவது எனக்கு ஏன் வரவில்லை?

சாயங்காலம் அவரிடம் சொல்லலாம் என்றிருந்தேன். வந்ததும் பாப்பாவை வாங்கிக்கொண்டு, "போயி சித்த படு" என்றார். படுத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 24

இடுப்பு. மரகதா போட்டிருந்த கவசமும் கூடவே அகன்று கொடுத்தது. எனக்கு ஒரு பிளவுஸும் அப்படிக் கொடுக்கவில்லை.

ஜூலை 30, புதன்

கூடத்தில் அவர் விளையாடிக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் உட்கார்ந்து துணி மடித்தேன். மரகதா ஆற்றைக் கடந்தாள். தலையில் வகிடு அகலமாகத் தெரிந்தது. கன்னம் கனத்திருந்தது. இனி குருடனுக்குக்கூடத் தெரியும். அவர் அவளை ஒரு பாறை மேல் நிறுத்தி, முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. டீ போடட்டுமா உனக்கு?"

டீ வேண்டாம். எனக்கு டீ வேண்டாம்.

ஆகஸ்ட் 6, புதன்

எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

மத்தியானம் பாப்பா தூங்கியதும் உட்கார்ந்தேன். இத்தனை நாள் துளித் துளியாக இழுத்ததை இன்றைக்கு ஒரேயடியாக இழுத்தேன். எல்லாக் கோட்டையும், கடைசி வரைக்கும். முன்தலை வழுக்கை. வீங்கின முகம், சாம்பல் நிறத் தோல், கண் இரண்டும் பள்ளம். பார்க்கவே முடியவில்லை. அப்படியே திறந்து வைத்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை வந்து குவிகிற நேரம், ஆள் சோர்ந்துதான் வந்தார். திரையைப் பார்த்தார். பையைக் கழற்றாமல் நின்றார். பிறகு லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு, சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார்.

குழாய்ச் சத்தம் கேட்டதும் எனக்கு வெடித்துவிட்டது.

"உங்க கண்ணு இன்னாதான் பாக்குது? ஒரு இழை போனா தெரியுதில்ல? இவ்ளோ பண்ணி வச்சிருக்கேன், ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

அவர் திரும்பவில்லை. "பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றார்.

"இன்னாத்த பாத்தீங்க?"

"மொதல்ல கண்ணுக்குக் கீழ. அப்பால தாட. முடிய கொறச்ச. எடது இமைய எறக்கின, அது நல்லா இருந்துச்சு. தெனம் தொறந்து பாப்பேன், இன்னிக்கி இன்னா மாத்தியிருக்கேன்னு."

"பொம்மைய சொல்றீங்க. என்ன பாத்தீங்களா?"

குழாயை மூடினார். கையைத் துடைக்கவில்லை, நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"சீப்ப தலாணிக்கு அடியில ஒளிச்சி வைக்கிற. சோத்த பெசஞ்சி தெரு நாய்க்கு வச்சிட்டு துன்னுட்டேன்ற. பாப்பா அழுதா கதவாண்டயே நின்னுக்கினு இருக்க, உள்ள போவல. மாடியம்மா சொன்னாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடியே நானும் ஒரு நாளு பாத்தேன்."

எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

"அப்பறம் ஏங்க சொல்லல?"

"எப்டி சொல்றது? கடையில சேல நெஞ்சி கொண்டாந்தவங்க மூஞ்சிக்கு நேரா நான் கொற சொல்ல மாட்டேன், கீர்த்தி. மூணு பேரு எதிருல சொல்லிட்டா அடுத்த சேலையில அவங்களுக்கு கை நடுங்கும். டீ சாப்ட்டு வாங்கன்னு அனுப்பிட்டு, அந்த எடத்துல அடையாளத்துக்கு ஒரு நூல சொருவி வைப்பேன். ஆறினப்பறம் தனியா காட்டுவேன். இன்னிக்கிகூட கோதண்டபாணியண்ணன் சேலையில அதான் பண்ணேன். உனக்கும் சொன்னா ஒடஞ்சி பூடுவியோன்னு… கொஞ்சம் ஆறட்டும், தனியா சொல்லலாம்னு…"

"நான் சேலையா?"

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தனியான்னா எப்பங்க? இந்த வீட்ல நாம ரெண்டு பேருதான இருக்கோம்? யாரு போவட்டும்னு காத்துக்கினு இருந்தீங்க?"

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "தெரியலம்மா" என்றார். "தப்புதான். பயமா இருந்துச்சு."

பாப்பா விழித்து அழுதாள். இரண்டு பேரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு அவர்தான் போய்த் தூக்கி வந்தார். ஈரக் கையோடு தூக்கியதால் அவள் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

நெடுநேரம் கழித்து, இவ்வளவு நாள் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அந்த மரகதா யாரு?"

"எந்த மரகதா?"

"ஆரம்பத்துல வச்சிருந்தீங்களே. வெள்ள முடி, பச்ச கண்ணு."

"அது யாருமில்ல. கேம போட்டா மொதல்ல வர மூஞ்சி. பேரு மட்டும்தான் நான் போட்டேன். நாளெல்லாம் பாத்து பாத்து வரேன், ஒரு மூஞ்சிய ஒக்காந்து செய்ய எனக்கு எங்க பொறும?"

ஒரு மாதமாக நான் பொறாமைப்பட்டது, யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு முகத்தைப் பார்த்து. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சோறு கொஞ்சம் சாப்பிட்டேன். கோபம் போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பது ஒரு பக்கம் ஆறுதல், இன்னொரு பக்கம் அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கடை வேலை நெரிக்கிற வாரத்தில் லீவு போட்டார். பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்கள். கதவுப் பக்கம் நின்றதைச் சொன்னேன். அவர்கள் முகம் மாறவில்லை. பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு வருகிறது, சோம்பலும் இல்லை, பாசம் இல்லாததும் இல்லை, சரியாகும், ஆனால் இன்றைக்கே ஆகாது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். திரும்ப வரச் சொன்னார்கள்.

களைப்பு. பஸ்சில் அவர் தோளில் தூங்கிப் போனேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தினமும் கேட்கிறார். நேராகக் கேட்க இன்னும் வரவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்.

"இன்னிக்கி எப்டி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா நல்லதா, கெட்டதா?"

"பாதி."

"செரி. எந்தப் பாதி?"

எரிச்சலாகத்தான் வருகிறது. ஆனால் பதில் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை வாயை உலர வைக்கிறது. முடி இன்னும் கொட்டுகிறது. இன்றைக்குச் சீப்பை ஜன்னலிலேயே விட்டிருந்தேன், அவர் சுத்தம் செய்து வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மரகதாவை முதலிலிருந்து செய்தேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தார். முடியைக் கருப்பாக்கி, வில் நாணில் சிக்காமல் இறுக்கிக் கொண்டை போட்டேன். தோளை அகலமாக்கினேன், வில் இழுக்கிறவளுக்குத் தோள் வேண்டாமா? இடுப்பைப் பிள்ளை பெற்ற இடுப்பாகவே விட்டேன். மையே வைக்கவில்லை. தோலுக்கு நிறம் தேடத்தான் நேரம் பிடித்தது. அவர் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிறகு என் கையை வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எடுத்தோம்.

"இமை?" என்றார்.

இறக்கினேன். அழகாக இருந்தாள். நிஜமாகவே.

"இனிமே நீ வெளையாடு" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மத்தியானம் பாப்பா தூங்கினாள். மரகதா ஒரு மரப்பாலத்தில் நின்றிருந்தாள், மழை. எதிரில் கோடரி தூக்கின தடியர்கள். ஒருத்தனை வீழ்த்திவிட்டேன், அடுத்தவனுக்கு நாண் இழுத்தபோது உள்ளே பாப்பா சிணுங்கினாள். பசி அழுகை. பால் கொடுத்தேன். வேர்த்திருந்தது, சட்டை மாற்றினேன். அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். "வலிக்குதுடி" என்றேன், இன்னொரு தரம் இழுத்தாள். கொஞ்ச நேரம் அந்த விளையாட்டே ஓடியது.

எப்போது எழுந்தேன், எப்படி உள்ளே போனேன், ஞாபகமே இல்லை.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து பார்த்தால், மரகதா பாலத்தில் செத்துக் கிடந்தாள்.